ரப்பர் பாலில் செம்பு: ஷீட் பிசுபிசுப்பது ஏன், அளப்பது எப்படி?

அருமனை தோட்டம்

புகை போட்டு நன்றாகக் காய்ந்த ஷீட், அடுக்கி வைத்த சில வாரத்தில் இளகி விரலில் ஒட்டுகிறது. எல்லாக் கட்டும் இப்படி ஆகவில்லை. ஆன கட்டிலும் முழு ஷீட் கெடவில்லை, திட்டுத் திட்டாகத்தான். பார்மிக் ஆசிட் அளவு மாறவில்லை, புகை அறைச் சூடு 60 டிகிரியைத் தாண்டவில்லை. மாறியவை இரண்டு. பாலை அரிக்கப் புதுப் பித்தளைச் சல்லடை வந்தது. பக்கத்து நாற்றுப் பண்ணையில் துரிசும் (செம்பு சல்பேட்) சுண்ணாம்பும் கலந்து அடித்தார்கள்.

செம்பு ஏறினால் ரப்பர் கெடும் என்று கேள்வி. ஆனால் பாலில் அம்மோனியா விட்டுப் பார்த்தால் நீலம் எதுவும் இல்லை. செம்பு இருந்தால் அடர்நீலம் வர வேண்டாமா? நாகர்கோவிலில் ஒரு கல்லூரி லேபில் ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர் கிடைக்கும். செய்முறை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

டி-ஆர்பிட்டால்

//செம்பு இருந்தால் அடர்நீலம் வர வேண்டாமா?//

கணக்குப் போட்டால் பதில் வந்துவிடும். செறிவூட்டிய பாலுக்கு சர்வதேசத் தரத்தில் செம்பின் உச்ச வரம்பு, மொத்தத் திடப்பொருளில் கிலோவுக்கு 8 மில்லிகிராம். 30 சதவீதம் ரப்பர் உள்ள பாலில் அந்த வரம்பளவு செம்பு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். லிட்டருக்கு ஏறத்தாழ 2.4 மில்லிகிராம், அதாவது 0.00004 மோலார். செம்பும் அம்மோனியாவும் சேர்ந்து நீலம் தரும் டெட்ராஅம்மீன்காப்பர் அயனியின் மோலார் உறிஞ்சுதிறன் (ஒளியை உறிஞ்சும் வலிமை) 600 நானோமீட்டர் பக்கத்தில் வெறும் 50 அளவுதான். ஒரு சென்டிமீட்டர் செல்லில் உறிஞ்சல் 0.002 வரும். கருவிக்கே பிடிபடாது, வெள்ளைப் பாலில் கண்ணுக்கு எப்படித் தெரியும்? நீலம் தெரியாததை வைத்துச் செம்பு இல்லை என்று முடிவுக்கு வந்துவிடாதீர்கள்.

அந்த நீலம் டி–டி தாவலால் வருவது. டி ஆர்பிட்டாலிலிருந்து இன்னொரு டி ஆர்பிட்டாலுக்கு எலக்ட்ரான் தாவுவதை, சமச்சீர் மையம் உள்ள அணைவில் (உலோக அயனியைச் சுற்றி வேறு மூலக்கூறுகள் பிடித்திருப்பது) தேர்வு விதி தடுக்கிறது. அதிர்வுகளால் சமச்சீர் சற்றுக் குலையும் அளவுக்கே அது நடக்கிறது. ஆகவே நிறம் மங்கல். பள்ளி லேபில் பளிச்சென்று தெரிவது அங்கே செம்பு ஆயிரம் மடங்கு அதிகமாக இருப்பதால்.

இவ்வளவு குறைந்த செம்பை அளக்க, மின்சுமைப் பரிமாற்றத் தாவல் உள்ள அணைவு வேண்டும். ஈனியிலிருந்து (உலோகத்தைப் பிடிக்கும் மூலக்கூறு) உலோகத்துக்கு எலக்ட்ரான் தாவுவதற்கு அந்தத் தடை இல்லை. டைஎத்தில்டைதயோகார்பமேட் (இனி டி.டி.சி.) செம்போடு தரும் பொன்மஞ்சள் அணைவு அப்படிப்பட்டது. 436 நானோமீட்டரில் மோலார் உறிஞ்சுதிறன் சுமார் 13,000. நீலத்தைவிட 250 மடங்குக்கு மேல்.

குலசேகரம் ஷீட்

லேபுக்குப் போகும் முன்னால் ஒன்று பாருங்கள். வெயில் பட்ட ஷீட்டும் ஒட்டும். அதில் வெயில் பட்ட முகம்தான் முதலில் இளகும், மறுமுகம் நன்றாக இருக்கும். அடுக்கின் உள்ளே இருந்த ஷீட்டில் இரண்டு முகத்திலும் திட்டு இருந்தால் உலோகம்தான் என்று சந்தேகப்படலாம்.

சல்லடையை இன்றைக்கே மாற்றுங்கள். 40 கண், 60 கண் இரண்டும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் கிடைக்கும். பால் படும் இடத்தில் பித்தளையோ வெண்கலமோ செம்போ ஒரு திருகாணி அளவுக்குக்கூட இருக்கக் கூடாது.

டி-ஆர்பிட்டால்

குலசேகரத்தார் சொன்னதற்கு வேதியியல் காரணம் இது. செம்பு சாதாரணத் தண்ணீரில் எளிதில் கரையாது. செம்பு +2 அயனி உலோகமாகும் நியம மின்னழுத்தம் +0.34 வோல்ட். அம்மோனியா இருந்தால் கரைந்த அயனியை நான்கு அம்மோனியா மூலக்கூறுகள் பிடித்துக்கொள்கின்றன. அந்த அணைவின் மொத்த நிலைப்புத்தன்மை மாறிலி 10-இன் அடுக்கு 13 அளவு. நெர்ன்ஸ்ட் சமன்பாட்டில் போட்டால் 1 மோலார் அம்மோனியாவில் மின்னழுத்தம் கிட்டத்தட்ட −0.04 வோல்ட்டுக்கு இறங்கிவிடும். காற்றில் உள்ள ஆக்சிஜனே செம்பைத் தின்னப் போதும். பித்தளையில் உள்ள துத்தநாகமும் இதே மாதிரி டெட்ராஅம்மீன் அணைவாகிக் கரையும்.

பால் உறையாமல் இருக்க 0.7 சதவீதம் அம்மோனியா விட்ட பீப்பாயில் ஏறத்தாழ 0.4 மோலார் அம்மோனியா இருக்கிறது. அதில் ஒரு பித்தளை வால்வு மாட்டினால், பாலுக்குச் செம்பு ஊட்டும் ஏற்பாட்டை நாமே செய்து வைத்தது போல. இழுவிசையில் இருக்கும் பித்தளை, அம்மோனியாவில் வெடித்துக் கீறலும் விடும். வால்வு, பம்ப்பின் உள்சக்கரம், புஷ், அளவுகோலின் முனை எல்லாவற்றையும் பாருங்கள். 304 அல்லது 316 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், டெப்லான் இருக்கை உள்ள உருண்டை (ball) வால்வு, எச்.டி.பி.இ. பிளாஸ்டிக் பீப்பாய் போதும்.

எம்.எஸ்சி. நாகர்கோவில்

சார், கிலோவுக்கு 8 மில்லிகிராம் என்பது ரொம்பக் கொஞ்சம். அந்த அளவு செம்பு ரப்பரை என்ன செய்துவிடும்?

டி-ஆர்பிட்டால்

செம்பு அங்கே வினைபொருளாக இருந்தால் ஒன்றும் செய்யாதுதான். அது வினையூக்கி, செலவாகாமல் சுற்றிக்கொண்டே இருக்கும்.

ரப்பரின் பாலிஐசோபிரீன் சங்கிலியில் ஆக்சிஜன் சேர்ந்து கொஞ்சம் ஹைட்ரோபெராக்சைடு எப்போதும் உருவாகும். தானாக உடைந்தால் மெதுவாக உடையும். செம்பு +1 அதற்கு ஓர் எலக்ட்ரானைக் கொடுத்து ஆல்காக்சி ராடிக்கலாக (இணை சேராத எலக்ட்ரான் உள்ள, உடனே வினைபுரியும் துண்டு) உடைக்கிறது, தான் +2 ஆகிறது. அந்த +2 இன்னொரு ஹைட்ரோபெராக்சைடிடமிருந்து எலக்ட்ரானை வாங்கிப் பெராக்சி ராடிக்கலை விடுகிறது, தான் மறுபடி +1. ஒரே அயனி இப்படி எண்ணற்ற முறை சுற்றும். ஒவ்வொரு ராடிக்கலும் புதுச் சங்கிலித்தொடர் வினையைத் தொடங்கும். நீண்ட சங்கிலி துண்டு துண்டாக அறுந்தால் ரப்பர் இளகிப் பிசுபிசுக்கும்.

இந்த வேலைக்கு ஒரே எலக்ட்ரான் வித்தியாசத்தில் இரண்டு ஆக்சிஜனேற்ற நிலைகள் வேண்டும், இரண்டுக்கும் இடையே எளிதாகப் போய் வரவும் வேண்டும். செம்பு, மாங்கனீசு, கோபால்ட் மூன்றும் அப்படித்தான். பாலுக்கான தரத்தில் மாங்கனீசுக்கும் அதே 8 மில்லிகிராம் வரம்பு இருப்பது இதனால்தான்.

துத்தநாகத்தைப் பாருங்கள். டி ஆர்பிட்டாலில் பத்து எலக்ட்ரானும் நிரம்பி +2-லேயே நிற்கும், மாற இடமில்லை. நிறமும் இல்லை, கேடும் இல்லை. அதனால்தான் 100 பங்கு ரப்பருக்கு 3 முதல் 5 பங்கு துத்தநாக ஆக்சைடை வல்கனைசேஷனில் (கந்தகம் சேர்த்துச் சூடாக்கி ரப்பரை உறுதியாக்குவது) தாராளமாகப் போடுகிறார்கள். குறைந்த அம்மோனியாப் பாலைக் காக்கவும் துத்தநாக ஆக்சைடு சேர்கிறது. ஆவர்த்தன அட்டவணையில் அடுத்தடுத்த கட்டத்தில் இருக்கும் இரண்டு உலோகங்கள், ஒன்று நஞ்சு, மற்றது காவல்.

கோதையாறு

துரிசு பற்றி யாரும் பேசவில்லையே. துரிசும் சுண்ணாம்பும் கலந்த அந்த மருந்துதான் போர்டோ கலவை; ஒரு சதவீதக் கலவையில் 100 லிட்டருக்கு 1 கிலோ துரிசு. துரிசில் செம்பு 25.4 சதவீதம், ஆகவே ஒரு மில்லியில் 2.5 மில்லிகிராம். மரத்தில் பால் பிடிக்கும் ஒரு சிரட்டையில் 100 மில்லி பால், அதில் 35 கிராம் ரப்பர் என்றால், போர்டோ ஒரே ஒரு மில்லி சொட்டினாலும் கிலோவுக்கு 72 மில்லிகிராம் ஆகிவிடும். வரம்பைப் போல ஒன்பது மடங்கு. திட்டுத் திட்டாக, சில கட்டில் மட்டும் வருகிறது என்றால் எனக்குச் சல்லடையைவிட இதன்மேல்தான் சந்தேகம்.

மருந்தடிக்கும்போது சிரட்டையை எடுத்துவிட வேண்டும், குறைந்தது கவிழ்த்தாவது வைக்க வேண்டும். அடித்த பிறகு முதல் மழையில் பட்டை வழியே வழிந்து வருவதும் சிரட்டைக்குத்தான் போகும். பிங்க் நோய் என்ற பூஞ்சை நோய்க்குக் கிளைக் கவையில் பூசும் போர்டோ பசையும் அதே. மழைக்கு அடுத்த வெட்டில் மேலே நிற்கும் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சிரட்டையைத் துடையுங்கள். ஒட்டுப்பாலை (பட்டையில் வழிந்து காய்ந்த பால்) ஷீட் பாலோடு சேர்க்கவே வேண்டாம். பட்டையில் காய்ந்த செம்பெல்லாம் அதில் இருக்கும்.

கலவை செய்வதிலும் கவனம் வேண்டும். துரிசை 50 லிட்டரில் ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் கரைத்து, சுண்ணாம்பை இன்னொரு 50 லிட்டரில் நீற்றி வடிகட்டி, துரிசுக் கரைசலைச் சுண்ணாம்பில் மெதுவாக ஊற்றிக் கலக்க வேண்டும். இரும்பு வாளி கூடாது. துரிசு இரும்பைக் கரைத்துச் செம்பாகப் படிந்துவிடும். அதையே சோதனையாகவும் வைத்துக்கொள்ளலாம். தேய்த்த கத்தியைக் கலவையில் ஒரு நிமிடம் முக்கிச் செம்பு நிறம் ஏறினால் கரைந்த செம்பு மிச்சம் இருக்கிறது, இன்னும் சுண்ணாம்பு விட வேண்டும்.

பால் ஆய்வு

செய்முறை எழுதுகிறேன். அவசரப்படாமல் செய்தால் நம்பகமான அளவு.

முதலில் பாத்திரம். கண்ணாடி எல்லாவற்றையும் 1:1 நைட்ரிக் அமிலத்தில் ஊறவைத்துக் கழுவுங்கள். செம்புக் கொதிகலனில் வடித்த தண்ணீரைத் தொடவே வேண்டாம். அயனி நீக்கிய தண்ணீர் நல்லது. வெற்று அளவு (மாதிரி இல்லாமல் அதே படிகளில் ஓட்டி எடுப்பது) உயர்ந்து நிற்பதற்குப் பாதிக் காரணம் தண்ணீர்தான், அடுத்தது வடிதாள்.

ஷீட்டில் ஒட்டும் இடத்தில் 5 கிராம், நல்ல இடத்தில் 5 கிராம் தனித்தனியாக வெட்டுங்கள். ஸ்டீல் கத்திரி போதும். போர்சலின் மூசையில் வைத்து, லேபின் புகைபோக்கும் அலமாரிக்குள் ஹாட் பிளேட்டில் கருகவிடுங்கள். தீப்பற்றக் கூடாது. பற்றினால் கரியோடு உலோகமும் பறந்துபோகும். புகை நின்றதும் 550 டிகிரி உலையில் கரி முழுதும் போகும்வரை. 600-ஐத் தாண்டினால் செம்பு ஆக்சைடு மூசையின் பளபளப்பில் இறங்கிப் பிடித்துக்கொள்ளும், பிறகு அமிலத்துக்கு வராது.

சாம்பலில் 1:1 ஹைட்ரோகுளோரிக் அமிலம் 5 மில்லி, நீர்த்தொட்டியில் 15 நிமிடம். வடிகட்டிப் பிரிபுனலுக்கு மாற்றுங்கள். அம்மோனியம் சிட்ரேட் 20 கிராம், ஈ.டி.டி.ஏ. (உலோக அயனிகளைப் பிடிக்கும் சேர்மம்) டைசோடியம் உப்பு 5 கிராம் சேர்த்து 100 மில்லியாக்கிய கரைசலில் 10 மில்லி விடுங்கள். இரண்டு சொட்டு தைமால் ப்ளூ. மஞ்சளிலிருந்து பச்சை கலந்த நீலம் வரும்வரை அம்மோனியா, அப்போது பி.எச். 8-க்கும் 9-க்கும் இடையில் இருக்கும்.

கடைசியாகத்தான் ஒரு சதவீத சோடியம் டி.டி.சி. 1 மில்லி. இந்த வரிசை மாறக் கூடாது. அமிலத்தில் விட்டால் டி.டி.சி. நிமிடக்கணக்கில் கார்பன் டைசல்பைடாகவும் அமீனாகவும் உடைந்துபோகும், நிறமே வராது. "செம்பு இல்லை" என்று தப்பான அறிக்கை எழுதுவது பெரும்பாலும் இங்கேதான். டி.டி.சி. கரைசலை அன்றன்றைக்குத் தயாரியுங்கள்.

குளோரோபார்ம் 10 மில்லி விட்டு இரண்டு நிமிடம் குலுக்குங்கள். அடியில் மஞ்சள் அடுக்கு பிரியும். மறுபடி 10 மில்லி. இரண்டையும் நீரற்ற சோடியம் சல்பேட் வழியாக 25 மில்லி குடுவையில் இறக்கிக் குளோரோபார்மால் நிரப்புங்கள். நம்ம ஊர் ஈரக்காற்றில் திறந்த பாட்டில் சல்பேட் கட்டியாகிவிடும். அடுப்பில் உலர்த்தி எடுக்காவிட்டால் நீர்த்துளி தங்கிக் கரைசல் மங்கும், கருவி அதையும் நிறமாக எண்ணும். 436 நானோமீட்டரில், வெளிச்சத்தில் நெடுநேரம் வைக்காமல் அளந்துவிடுங்கள்.

ஒப்பீட்டுக்குத் துரிசுப் படிகம் 0.393 கிராம், சில சொட்டு கந்தக அமிலத்தோடு ஒரு லிட்டராக்கினால் மில்லிக்கு 100 மைக்ரோகிராம் செம்பு. பத்து மடங்கு நீர்த்து 0, 1, 2, 3, 4, 5 மில்லி எடுத்து அதே படிகளில் ஓட்டுங்கள். வரம்பில் இருக்கும் ஷீட் 5 கிராமுக்கு 40 மைக்ரோகிராம் தரும். உறிஞ்சல் 0.33 பக்கத்தில் நிற்க வேண்டும். ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர் இல்லாவிட்டால் ஒரே அளவுள்ள சோதனைக் குழாய்களில் இந்த வரிசையை வைத்துக் கண்ணால் ஒப்பிட்டாலும் வரம்புக்கு மேலா கீழா என்று சொல்லிவிடலாம்.

எம்.எஸ்சி. நாகர்கோவில்

டீச்சர், ஈ.டி.டி.ஏ. ஆறு முனையால் பிடிக்கும் ஈனி. செம்பையும் அது பிடித்துக்கொண்டால் டி.டி.சி.க்கு என்ன மிச்சம்?

பால் ஆய்வு

நல்ல கேள்வி, மக்கா. ஈ.டி.டி.ஏ. செம்பைப் பிடிக்கத்தான் செய்யும், மாறிலி 10-இன் அடுக்கு 18.8. இரும்பு +3-ஐ அதைவிட இறுக்கமாக, அடுக்கு 25 அளவில் பிடிக்கும். சாம்பலில் செம்பைவிட இரும்பு பல மடங்கு இருக்கும், செம்மண் தோட்டம் அல்லவா. மறைக்காவிட்டால் இரும்பும் டி.டி.சி.யோடு பழுப்பு நிறம் தந்து கணக்கைக் கெடுக்கும்.

ஆனால் டி.டி.சி. கந்தகத்தால் பிடிக்கிறது. இரண்டு ஈனி, நான்கு கந்தகம், செம்பைச் சுற்றித் தளசதுரம். மென்மையான கந்தகத்தைச் செம்பு விரும்பும், இரும்பு +3 ஆக்சிஜனை விரும்பும். அந்த அணைவுக்கு மின்சுமையும் இல்லை, ஆகவே உருவான உடனே தண்ணீரை விட்டுக் குளோரோபார்முக்குப் போய்விடுகிறது. ஈ.டி.டி.ஏ. அணைவு மின்சுமை உள்ளது, தண்ணீரிலேயே நிற்கும். சமநிலை செம்பின் பக்கம் இழுபட இது போதும். இரண்டு நிமிடம் குலுக்கச் சொன்னது இதற்காக. அரை நிமிடத்தில் நிறுத்தினால் செம்பு முழுதும் வராது.

டி-ஆர்பிட்டால்

இதோடு இர்விங்–வில்லியம்ஸ் வரிசையையும் சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள். +2 அயனிகளில் மாங்கனீசு, இரும்பு, கோபால்ட், நிக்கல், செம்பு என்று அணைவின் உறுதி ஏறும், துத்தநாகத்தில் இறங்கும். ஈனி எதுவானாலும் பெரும்பாலும் இதே வரிசை. செம்பு உச்சியில் நிற்பதற்கு ஜான்–டெல்லர் உருத்திரிபும் ஒரு காரணம்.

குலசேகரம் ஷீட்

கையுறை முக்கும் சிறு தொழிற்கூடங்களில் வரும் பழுப்புக் கறையும் இந்த அணைவுதான். வல்கனைசேஷனுக்குச் சேர்க்கும் துத்தநாக டைஎத்தில்டைதயோகார்பமேட், செம்பைக் கண்டால் துத்தநாகத்தை விட்டுச் செம்பைப் பிடிக்கும். பித்தளைக் குழாயைத் தொட்ட கையால் வெள்ளைக் கையுறையை எடுத்தால் விரல் தடம் பழுப்பாக விழும்.

அருமனை தோட்டம்

மாங்கனீசையும் அளக்க வேண்டுமா? அதே சாம்பல் கரைசலில் பார்க்கலாமா?

பால் ஆய்வு

செம்பு வரம்புக்குள் இருந்து ஷீட் இன்னும் ஒட்டினால் மாங்கனீசைப் பாருங்கள். அதே கரைசல் ஆகாது, அதில் குளோரைடு இருக்கிறது. பெர்மாங்கனேட் குளோரைடை ஆக்சிஜனேற்றித் தானே நிறமிழக்கும்.

தனியாக 10 கிராம் சாம்பலாக்கிக் கந்தக அமிலத்தில் கரைத்து, வெண்புகை வரும்வரை சூடாக்குங்கள். ஆறியதும் தண்ணீர், 5 மில்லி பாஸ்பாரிக் அமிலம். இரும்பு +3-இன் மஞ்சளை அது நிறமற்ற அணைவாக்கிவிடும். பொட்டாசியம் பெர்அயோடேட் 0.3 கிராம் போட்டுப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டால் ஊதா வரும். 25 மில்லியாக்கி 525 நானோமீட்டரில் அளங்கள். வரம்பில் உள்ள மாதிரி ஏறத்தாழ 0.14 தரும், ஆகவே நீளமான செல் இருந்தால் நல்லது. அளந்தபின் அதே செல்லில் ஒரு சொட்டு சோடியம் நைட்ரைட் விட்டு ஊதாவைப் போக்கி மறுபடி அளந்து கழித்தால் பின்னணிப் பிழை போய்விடும்.

எம்.எஸ்சி. நாகர்கோவில்

பெர்மாங்கனேட்டில் மாங்கனீசு +7, டி எலக்ட்ரானே இல்லை. பிறகு ஊதா எங்கிருந்து?

டி-ஆர்பிட்டால்

ஆக்சிஜனிலிருந்து மாங்கனீசுக்கு எலக்ட்ரான் தாவுவதால். டி–டி தாவலுக்கு அங்கே ஆளில்லை. மாறாக மாங்கனீசு +2-இல் ஐந்து டி எலக்ட்ரான் இருந்தும் கரைசல் அநேகமாக நிறமற்றது, ஏனென்றால் அதில் எந்தத் தாவலுக்கும் எலக்ட்ரானின் சுழற்சி மாற வேண்டும். அளப்பதற்கு +7-க்கு ஏற்றுவது இதனால்தான்.

கோதையாறு

ஒரு யோசனை. ஈ.டி.டி.ஏ. செம்பைப் பிடிக்கும் என்றால் பாலிலேயே கொஞ்சம் விட்டுவிடலாமா?

பால் ஆய்வு

செம்பைப் பிடித்துச் சுழலை மந்தமாக்கும் என்பது சரி. ஆனால் பாலில் மக்னீசியமும் கால்சியமும் செம்பைவிட மிக அதிகம். செம்பு ஒரு பகுதி புரதத்தோடு பிணைந்தும் இருக்கும். ஷீட்டுக்கு இது மருந்து ஆகாது. பித்தளையை எடுங்கள், சிரட்டையை மூடுங்கள், அதுவே மலிவு.

மக்னீசியத்தை ஈ.டி.டி.ஏ.யால் தரம் பார்ப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. செம்பு இருந்தால் எரியோகுரோம் பிளாக் டி என்ற நிறங்காட்டி அதோடு ஒட்டிக்கொண்டு முடிவு நிறம் மாறவே மாறாது. சோடியம் சல்பைடு சில சொட்டு முன்னதாக விட்டால் வழிவிடும். முடிவு வராமல் இழுத்தால் அதையே செம்புக்கான முதல் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

அருமனை தோட்டம்

நன்றி. ஒட்டும் இடம், ஒட்டாத இடம், வெற்று மூன்றும் ஒரே நாளில் ஓட்டச் சொல்கிறேன். பழைய இருப்பை விற்க முடியுமா என்று தெரிய வேறு சோதனை உண்டா?

குலசேகரம் ஷீட்

பி.ஆர்.ஐ. (சூடுபட்டபின் ரப்பர் தன் பிளாஸ்டிசிட்டியை எவ்வளவு காக்கிறது என்ற குறியீடு) பார்க்கச் சொல்லுங்கள். மாதிரியை 140 டிகிரியில் 30 நிமிடம் வைத்து, முன்னும் பின்னும் வாலஸ் பிளாஸ்டிசிட்டி அளந்து விகிதத்தைச் சதவீதமாக்குவது. பிளாக் ரப்பரில் ஐ.எஸ்.என்.ஆர். (இந்தியத் தர இயற்கை ரப்பர்) 20 தரத்துக்கே குறைந்தது 40 வேண்டும். செம்பு ஏறிய ரப்பரில் முதல் அளவு நன்றாக இருந்தாலும் சூடுபட்டபின் சரிந்துவிடும். அப்படிச் சரியும் கட்டை நல்ல கட்டோடு கலக்காதீர்கள், தனியாகக் குறி போட்டு வையுங்கள்.

பால் ஆய்வு

லேபில் அளந்து முடித்த குளோரோபார்மைத் தொட்டியில் ஊற்ற விடாதீர்கள். பழுப்புப் பாட்டிலில் சேர்த்து, "ஹாலஜன் கழிவு" என்று எழுதித் தனியாக வைக்கச் சொல்லுங்கள். அசிட்டோன் கழிவோடு சேரவே கூடாது, காரம் கொஞ்சம் இருந்தாலும் இரண்டும் சேர்ந்து சூடாகிப் பாட்டிலை வெடிக்க வைக்கும்.